வாடகை யார் கொடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய ராஜதந்திரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால், 1648இல் முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த வெஸ்ட்பாலியா உடன்படிக்கையோடுதான் ராஜதந்திரம் பிறந்தது என்ற வரிக்கு வந்ததும் கை சிவப்பு மைப் பேனாவைத் தேடியது. குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதியில்லை. வரலாறு நடத்திய 31 ஆண்டுகளும் இதே வரியைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "தூதர் வருஷக்கணக்கா இன்னொரு ராஜா ஊர்லயே இருந்தா, வீட்டு வாடகை யாரு டீச்சர் கொடுப்பாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்போதுதான் என் 1648 ஆட்டம் கண்டது.

ஏனென்றால், போன வேலை முடிந்ததும் ஊர் திரும்புகிற தூதருக்கு வாடகைப் பிரச்சினையே கிடையாது. அங்கேயே குடியிருக்கும் தூதர் இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார். பிரான்செஸ்கோ ஸ்போர்சா மிலனின் பிரபுவாக ஆவதற்கு முன்பே, 1446இல், நிக்கோதெமோ என்பவரை பிளாரன்ஸில் தன் ஆளாக அமர்த்தினார். அவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே இருந்தார். மிலன், வெனிஸ், பிளாரன்ஸ், போப்பின் அரசு, நேப்பிள்ஸ் என்று ஐந்தும் அக்கம்பக்கம். ஒன்றை ஒன்று விழுங்கவும் முடியாது, நம்பவும் முடியாது. 1454இல் லோடியில் சமாதானம் ஆன பின்பும் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று நாள்தோறும் எழுதி அனுப்ப ஆள் தேவைப்பட்டது. வெனிஸ்காரர்கள் இதில் இன்னும் கெட்டி. வெளிநாட்டில் பெற்ற பரிசுகளைத் தூதர்கள் திரும்பி வந்ததும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1268லேயே சட்டம் போட்டவர்கள் அவர்கள்.

வெஸ்ட்பாலியாவைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்டுரைப் படத்தில் இருப்பதுபோல எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடவே இல்லை. பிரான்சோடு பேச்சு ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில், ஸ்வீடனோடு ஆஸ்னபுரூக் நகரில். இடையே சுமார் 50 கிலோமீட்டர். போப்பின் பிரதிநிதி கீஜி புராட்டஸ்டன்டுகளோடு நேரில் பேச மாட்டேன் என்றுவிட்டார். அதோடு ஐரோப்பாவில் போரெல்லாம் ஓய்ந்ததாக எழுதியிருப்பதும் சரியல்ல. பிரான்சும் ஸ்பெயினும் 1659 வரை மோதிக்கொண்டிருந்தன.

கட்டுரை தொடாமல் விட்ட ஒன்று: தூதர்களுக்கான விதிகள் பெரும்பாலும் வீதிச் சண்டையிலும் கடன் தகராறிலும் விளைந்தவை. 1661இல் ஸ்வீடன் தூதர் லண்டனுக்குள் வந்த அன்று, இங்கிலாந்து மன்னரின் வண்டிக்கு அடுத்தபடி யார் வண்டி போவது என்று பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் வெட்டிக்கொண்டார்கள். ஆட்களும் குதிரைகளும் செத்ததுதான் மிச்சம். இந்த முந்தி பிந்தி வழக்கு 1815 மார்ச் 19 அன்று, வியன்னாவில் ஐரோப்பிய அரசுகள் கூடிய மாநாட்டில்தான் தீர்ந்தது. ஒரே தரத்துத் தூதர்களில், வந்து சேர்ந்ததை முதலில் அறிவித்தவர் மூத்தவர். அவருடைய அரசன் எவ்வளவு பெரியவன் என்பது கணக்கில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தமும் தூதர் பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும்தான் பார்க்கிறது. என்னைக் கேட்டால், 1648ஐவிட இந்த 1815தான் பாடப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.

1708இல் ரஷ்யத் தூதர் மத்வேயெவ் கடனுக்காக லண்டன் வீதியில் வண்டியிலிருந்து இழுக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். பீட்டர் மன்னர் கொதித்தெழுந்தார். தூதரைக் கைது செய்யவே கூடாதென்று பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். இதழைப் படிப்பவளாக இருந்தால் அவளுக்கு ஒரு பதில். ஸ்பெயின் 1495இல் லண்டனுக்கு அனுப்பிய தூதர் தெ புவெப்லாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. கஞ்சத்தனமாகக் குடித்தனம் நடத்துகிறார் என்று சொந்த நாட்டுக்காரர்களே புகார் எழுதினார்கள். 1509இல் லண்டனிலேயே இறந்தும் போனார். நீ கேட்டது நியாயமான கேள்விதான் அம்மா. நான்தான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை