மறதிநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் ரத்தப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனைகளில் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மறதிநோயால் பாதிக்கப்பட்ட ஒருவரின் மகள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: நினைவுத்திறன் குறையும் முதியோருக்கு ஆய்வக வசதி செய்து தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மா முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தார். பிறகு கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். காட்டிய இடங்களிலெல்லாம் "வயசானா அப்படித்தாம்மா இருக்கும்" என்றே சொன்னார்கள். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் என்று உறுதியானபோது, வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் நிலையைக்கூட அவர் தாண்டியிருந்தார். எங்களைப் போன்ற வீடுகள் ஏராளம். நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக, முதியோரின் மறதிநோய் பற்றி நாடு தழுவி நடந்த லாசி-டாட் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

மறதி என்று வரும் எல்லாமே அல்சைமர் அல்ல. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவையும் நினைவைக் குலைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, பரிசோதனைச் செலவும் குறைவு. ஆகவே மறதி என்று வரும் முதியவர் எவரையும் இந்தப் பரிசோதனைகளும் நினைவுத்திறன் மதிப்பீடும் செய்யாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். இதை உடனே செய்ய முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும்போதே நினைவு பற்றியும் நாலு கேள்வி கேட்கலாம்.

அடுத்தது, அல்சைமர் நோயில் ரத்தத்தில் கூடும் பி-டாவ் 217 என்னும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அல்சைமர் நோயில் மூளையில் அமிலாய்டு என்னும் இன்னொரு புரதம் படிவதை உயிரோடிருப்பவரிடம் அறிய இதுவரை பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், அல்லது முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும். முன்னதற்கு ஏழைக் குடும்பத்திடம் பணமில்லை. பின்னதற்கு முதியவர்கள் பயப்படுகிறார்கள். இந்தப் புரதத்தையும் அமிலாய்டையும் ஒப்பிட்டுக் கணிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும், சிறப்பு மருத்துவரின் மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனை இங்கும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பயந்துபோன நல்ல உடல்நிலைக்காரர்களிடம் தனியார் ஆய்வகங்கள் இதை விற்கும் நிலை வரக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு தானாகவே கூடித் தெரியும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட முதியோர் நம்மிடம் நிறைய இருப்பதால், நம் மக்களுக்குரிய அளவுகோலை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். கிண்டி தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இந்த ரத்தப் பரிசோதனையைச் சோதனை முறையில் கட்டணமின்றித் தொடங்கி, முடிவைக் குடும்பத்துக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஆலோசகரையும் நியமிக்க வேண்டுகிறேன்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)