முதல் கடை சரியாகாமல் இரண்டாவது கடை எதற்கு?

அனுப்புநர்:
புதிய குடியிருப்புப் பகுதி வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள், புதிய கிளைகள் பிரிவு
(நகல்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு)

பொருள்: எங்கள் பகுதிக் கிளையில் நள்ளிரவில் சரக்கு இறக்குவது, விலை வேறுபாடு, அதற்கு எதிரிலேயே திறக்கவிருக்கும் இரண்டாவது கிளை ஆகியவை குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் 24 மணி நேரக் கடைக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கத்தில், "விரைவில் உங்கள் அருகில்" என்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. அருகில் ஏற்கெனவே நீங்கள்தானே இருக்கிறீர்கள்! இருக்கிற கடையைப் பற்றி நாங்கள் அனுப்பிய புகார்களுக்கே விடை வராத நிலையில், அதே பெயரில் இன்னொரு கடை யாரைக் கேட்டு வருகிறது?

உங்கள் கடை இங்கே வந்ததை நான் எதிர்க்கவில்லை. பாதி வீடுகள் கட்டிமுடியாமல், தெருவிளக்குகூட முழுதாக வராமல் இருந்த காலத்தில், வேலை முடிந்து நேரங்கழித்துத் திரும்புகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் கிடைத்த ஒரே இடம் அதுதான். பிடிக்காத கடைக்கு யாரும் உட்கார்ந்து கடிதம் எழுதுவதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குப் போக அடுத்த கடை இல்லை என்பது வேறு விஷயம்.

முதல் புகார், லாரி. உங்களுடையது போன்ற கடைகளில் பின்னறை மிகச் சிறியது. சரக்கைச் சேர்த்துவைக்க இடமில்லாததால் ஒரே நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து இறக்கியாக வேண்டும். இது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நடைகளில் ஒன்று நள்ளிரவு தாண்டி, ஊர் அடங்கிய பிறகுதான் வரவேண்டுமா? லாரி பின்னோக்கி வரும்போது ஓயாத பீப் ஒலி. பிறகு தகரக் கதவு தரையில் இடிக்கும் சத்தம், தட்டுகளை அடுக்கிய இரும்புக் கூண்டுகள் கல் பாவிய தரையில் உருளும் சத்தம். இதெல்லாம் அடங்கினாலும் லாரியின் குளிர்சாதனம் நிற்பதில்லை. கடைசித் தட்டு உள்ளே போகும்வரை அது எங்கள் படுக்கையறைச் சுவரோரம் உறுமிக்கொண்டே இருக்கிறது. இரவுச் சத்தம் வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரியில் 40 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009-இல் வழிகாட்டியது. எங்கள் சன்னலோரம் எத்தனை டெசிபெல் என்று நான் அளக்கவில்லை. அளக்க வேண்டியவர் நீங்கள்.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. நிறுத்துமிடத்தில் மின் இணைப்புக் கொடுத்தால், அதற்கேற்ற லாரிகள் இஞ்சினை அணைத்துவிட்டே சரக்கைக் குளிராக வைத்திருக்கும். பின்னோக்கி வரும் எச்சரிக்கைக்கும், தூரத்துக்குக் கேட்காத, இரைச்சல் போன்ற ஒலி எழுப்பும் கருவிகள் விற்பனையில் உள்ளன. கூண்டுகளுக்கு ரப்பர் சக்கரம் போடுவதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. இவற்றில் எதையாவது செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, "தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகும் லாரி அதே நேரத்துக்குத்தான் வருகிறது.

வாசல் விளக்குகளைப் பற்றியும் ஒரு வரி. தரையை நோக்கி மூடிபோட்ட விளக்குகள் இருக்கும்போது, எதிர்வீட்டுச் சுவர்வரை வெள்ளையடிக்கும் விளக்குகளை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்?

அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு ஒன்று சொல்கிறது, பில் வேறொன்று சொல்கிறது. சலுகை முடிந்த பிறகும் சீட்டை எடுப்பதில்லை. கல்லாவில் இருக்கும் இளைஞரிடம் கேட்டால், "கணினியில் இப்படித்தான் வருகிறது" என்கிறார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். இரவு முழுவதும் அவர் ஒருவர்தான் கல்லாவையும் பார்த்து, சரக்கையும் இறக்கி, தரையையும் துடைக்கிறார். இதற்கிடையில் சீட்டு மாற்றவும் அவருக்கு எத்தனை கைகள்? 24 மணி நேரமும் திறந்திருக்கத்தான் வேண்டுமா என்று 2019-இல் ஜப்பானில் பெரிய விவாதம் எழுந்தது. இரவில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் கடை நேரத்தைத் தானாகவே குறைத்துக்கொண்ட ஒரு கிளை உரிமையாளருக்கும் தலைமை நிறுவனத்துக்கும் இடையே மோதல் வந்ததுதான் அதற்குத் தொடக்கம். ஒருவரை வைத்தே இரவை ஓட்டும் நீங்கள், எதிரில் இன்னொரு கடையைத் திறந்து அதற்கு ஆளை எங்கிருந்து கொண்டுவரப் போகிறீர்கள்?

இனி அந்தப் பலகைக்கு வருகிறேன். ஒரே வட்டாரத்தில் நெருக்கமாகக் கடைகளைத் திறப்பது உங்கள் தொழிலில் பழைய உத்தி என்பது எனக்குத் தெரியும். 1974-இல் டோக்கியோவின் டொயோசுவில் முதல் கடையைத் திறந்த செவன் லெவன் ஜப்பான் என்ற கடைத்தொடர் நிறுவனம் இந்த முறையில்தான் வளர்ந்தது. கடைகள் அருகருகே இருந்தால் ஒரே லாரி ஒரே சுற்றில் எல்லாவற்றுக்கும் சரக்குப் போட்டுவிடும், பெயர்ப்பலகையும் அடிக்கடி கண்ணில் படும், போட்டியாளர் நுழைய இடமிருக்காது. கணக்கு உங்களுக்குச் சரியாக வரலாம். இந்தக் கணக்கில் நாங்கள் எங்கே?

எங்கள் குடியிருப்பின் கிழக்குக் கோடியைப் பாருங்கள். புதிதாகக் குடிவந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். முதியவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தையுடன் தனியாக இருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு பாக்கெட் பால் வேண்டுமென்றால் நடைபாதையில்லாத சாலையில் நெடுந்தூரம் நடந்து உங்கள் கடைக்கு வருகிறார்கள். அங்கே ஒரு கடை திறந்திருந்தால் பலகையைப் பார்த்துக் கைதட்டியிருப்போம். நீங்களோ, சாலையைக் கடக்கும் சிரமத்தை மட்டும் எங்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள்.

செவன் லெவன் என்ற பெயரே 1946-இல் வந்தது, காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருந்ததால். அதன் தொடக்கம் 1927-இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு ஐஸ் விற்பனை மையம். மளிகைக் கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் தேவைப்படுவதைக் கண்டு, ஐஸ் விற்றவர் அவற்றையும் விற்க ஆரம்பித்தார். சந்தை ஆய்வு என்று அவர் ஒன்றும் நடத்தவில்லை, வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்தார். உங்கள் ஆய்வுக் குழு எங்கள் பகுதிக்கு எந்த நேரத்தில் வந்தது, யாரிடம் பேசியது என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

நான் எதிர்பார்ப்பது இவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பக்கம் சரக்கு இறக்குவதை நிறுத்துங்கள். அது முடியாதென்றால், மேலே சொன்ன மாற்றங்களை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். விலைச்சீட்டும் பில்லும் ஒத்துப்போகாத இடத்தில், சீட்டில் உள்ள குறைந்த விலையையே வாங்குமாறு கல்லாவில் இருப்பவருக்கு அதிகாரம் கொடுங்கள். இரவில் இரண்டாவது ஆளை நியமியுங்கள். இவை நடக்கும்வரை எதிர்க்கடையின் வேலையை நிறுத்திவைத்து, கிழக்குக் கோடியில் இடம் பார்க்க முடியுமா என்று குடியிருப்போர் சங்கத்தை அழைத்துப் பேசுங்கள்.

எதிர்க்கடைக்கு அனுமதி வழங்கவிருக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் இந்தக் கடிதத்தின் நகலை அனுப்புகிறேன். இரவுச் சத்தத்தின் ஒலிப்பதிவையும், விலை மாறிய பில்களின் நகல்களையும் இணைத்துள்ளேன். பதில் எழுதுபவர் தம் பெயரையும் பொறுப்பையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். குறுஞ்செய்தியைப் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
எதிர்க்கடை வந்தாலும் வராவிட்டாலும் நாளைக் காலை பால் வாங்க உங்களிடமே வரவேண்டியிருக்கும் வாடிக்கையாளர்