படகில் ஒரு சாக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். படகில் சோறு கொண்டுவந்த தொண்டர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு, தெருமுனை வடிகாலின் வாயை அடைத்துக் கிடந்தவை அந்தப் பொட்டலங்களின் பிளாஸ்டிக் உறைகளும் காலித் தண்ணீர் பாட்டில்களும்தான். அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியில்லை.

பசியாற்றும் அவசரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்பார்கள். முடியும். 2017இல் மியான்மரிலிருந்து தப்பிவந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தஞ்சமடைந்தபோது, குடிசை போடவும் அடுப்பெரிக்கவும் குன்றுகள் மொட்டையாயின. வேரைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். மறு ஆண்டே ஐ.நா. அமைப்புகள் சமையல் எரிவாயு சிலிண்டர் கொடுக்கத் தொடங்கின, சரிவுகளில் மரக்கன்றுகளும் நட்டன. விறகு வெட்டுவது வெகுவாகக் குறைந்தது.

செஞ்சிலுவை இயக்கம் முன்னின்று 2021இல் உருவாக்கிய பருவநிலை, சுற்றுச்சூழல் சாசனம், நிவாரணப் பணியால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டைக் குறைப்போம் என்கிறது; அதில் நூற்றுக்கணக்கான நிவாரண அமைப்புகள் கையெழுத்திட்டுள்ளன. நம்மூர் அமைப்புகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தண்ணீர் கேன்களையும் பாக்குமட்டைத் தட்டுகளையும் சேர்த்துவைக்க வேண்டும். காலிப் பாட்டில்களைத் திரும்ப எடுத்துப்போகப் படகில் ஒரு சாக்கும் இருக்கட்டும்.

- வாசகர், வேளச்சேரி, சென்னை