கழற்றிப் பார்க்க முடிகிற நாற்காலி

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. மூட்டுவலி, பேத்தியின் பரீட்சை, மும்பை மாட்டுங்கா மழை, இயந்திரம் வந்து நம் தச்சுத்தொழிலைக் கெடுத்துவிட்டது என்ற உன் கோபம் எல்லாம் படித்தேன். பதில் தாமதமானதற்கு, ஒரு வீட்டில் பழுதுபார்க்கக் கூப்பிட்ட ஓர் அலமாரிதான் காரணம்.

பர்மா தேக்கு. அந்த வீட்டுத் தாத்தாவின் கல்யாணத்துக்குச் செய்ததாம். கதவுச் சட்டம் ஒன்று விரிசல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டில் இருந்த மூங்கில் ஆணியைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்தேன். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வச்சிரப் பசை அல்லவா, மெல்ல இளகியது. கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் சட்டத்தின் முனை, துளையை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே உளியால் கீறிய கோடுகள். ஒரு கோடு போட்ட கழுந்து ஒரு கோடு போட்ட துளைக்கு, இரண்டுக்கு இரண்டு. பூட்டும்போது குழம்பாமலிருக்க, அலமாரியைச் செய்த தச்சர் தனக்காகப் போட்டுக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்து எனக்கு வழி காட்டியது. நடுப்பலகையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் பசை வைக்காமல் சும்மா நிறுத்தியிருந்தார். மழைக்குப் பருத்து வெயிலுக்குச் சுருங்கும் மரத்தை இறுக்கிப் பிடித்தால் வெடிக்கும் என்று நம் குருநாதர் தலையில் குட்டிச் சொல்வாரே, அதேதான்.

மறுநாள் மகள் வீட்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் வந்து, மாப்பிள்ளையே பூட்டிய புத்தக அலமாரி. வாங்கி மூன்று வருஷம். வீடு மாறியபோது கழற்றியிருக்கிறார். திரும்பப் பூட்டினால் திருகு பிடிக்கவில்லை. மரத்துகளைப் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. நார் இல்லாத இடத்தில் திருகு எதைப் பிடிக்கும்? வீடு கழுவிய தண்ணீர் ஏறி, அடிப்பக்கம் தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல ஊதியிருந்தது. ஊதினது வற்றாது. உளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கிழவனின் புலம்பல் என்று நினைக்காதே. நாம் மட்டும் யோக்கியமா? வைரம் பாயாத வெளிறை வைத்துவிட்டு, மரத்தூளும் பசையும் கொண்டு ஓட்டையை அடைத்து, பாலிஷில் மறைத்த கதை உனக்குத் தெரியாததா? தையில் தருகிறேன் என்று சொல்லி ஆடி வரை அலையவிட்டோம். மாப்பிள்ளையின் சம்பளத்துக்குத் தேக்கும் எட்டாது. மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்குக் கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. பர்மா தேக்கு வேண்டுமென்றால் நான் போவது முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத்தான். இடித்த வீட்டுத் தூணும் நிலையும் அங்கே வரும்.

இயந்திரம் வந்ததுதான் கேடு என்று நீ எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை. நீ தேநீர் குடிக்கும் இரானி ஓட்டலில் முதுகு வளைந்த நாற்காலிகள் கிடக்கின்றன அல்லவா? அந்த வகையில் பேர்போனது, வியன்னாவில் தொழில் நடத்திய தச்சர் மிகேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து இரும்பு அச்சில் வளைத்தார்கள். ஆறு துண்டு மரம், பத்துத் திருகு, இரண்டு மரை, அவ்வளவுதான். 36 நாற்காலிகளைக் கழற்றி ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடுக்கிக் கப்பலேற்றினார்கள். 1930 வாக்கில் சுமார் 5 கோடி விற்றுவிட்டது. ஆக, பெட்டியில் வந்து பூட்டிக்கொள்ளும் சாமான் நம் மாப்பிள்ளை காலத்துப் புதுமை இல்லை. ஆனால் அது முழு மரம். திருகு தளர்ந்தால் முடுக்கலாம், கால் உடைந்தால் காலை மட்டும் மாற்றலாம். கை செய்ததா, இயந்திரம் செய்ததா என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பழுதானால் திறக்குமா என்றுதான் பார்க்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வேப்பம்பலகையில் ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். அறுப்பும் இழைப்பும் மில்லில். மூட்டு மட்டும் என் கை. வச்சிரத்துக்குப் பதில் வெள்ளைப் பசைதான். நானும் மாறிவிட்டேன், என்ன செய்ய.

அடுத்த முறை அந்த ஓட்டலுக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்துத் திருகுகளை எண்ணி எழுது. ஓட்டல்காரர் திட்டினால் என் பெயரைச் சொல்லாதே.

அன்புடன்,
உன் பட்டறைத் தோழன்