இந்த மாதம் பிள்ளைகளை நகருக்குள் கூட்டிச் செல்கிறோம்: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒக்டோபர், பிரித்தானியாவில் கறுப்பின வரலாற்று மாதம். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நமது தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்காமல், பிரிஸ்டல் நகருக்குள்ளேயே கறுப்பின மக்களின் வரலாறு சொல்லும் இடங்களை நடந்து சுற்றிப் பார்க்கக் கூட்டிச் செல்கிறோம். இதைக் கேள்விப்பட்டதும் சில பெற்றோர் நேரடியாகவே கேட்டார்கள்: "தமிழுக்கென்று கிடைப்பதே வாரத்தில் ஒரு நாள். அதிலும் இது எதற்கு?" நியாயமான கேள்விதான். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1963இல் இந்த நகரில் பஸ் சேவையை நடத்தியது பிரிஸ்டல் ஒம்னிபஸ் கம்பனி. கறுப்பினத்தவர், ஆசியர் யாரையும் அவர்கள் பஸ் ஓட்டவோ கொண்டக்டராக நிற்கவோ சேர்ப்பதில்லை. பட்டறையில் வேலை தருவார்கள், கன்ரீனில் தருவார்கள், பஸ்சில் மட்டும் இடமில்லை. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் 1955இலேயே இதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டிருந்தது. தட்டிக் கேட்க அன்றைக்குச் சட்டமும் இல்லை.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் போல் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் நல அலுவலர். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து வேலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். தன் மாணவர் ஒருவருக்கு நேர்முகத்துக்கு நேரமும் வாங்கினார். அந்த மாணவர் 18 வயது கய் பெய்லி, ஜமைக்காவிலிருந்து வந்தவர். நேர்த்தியாக உடுத்திக்கொண்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நின்றார். நிறத்தைப் பார்த்ததும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்தக் கதவிலிருந்து திரும்பி நடந்து வருவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ரோய் ஹக்கெட், ஓவன் ஹென்றி, ஓட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரவுன் ஆகிய மேற்கிந்தியர்கள் (கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள்) ஏற்கெனவே ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களும் ஸ்டீபன்சனும் ஏப்ரல் கடைசியில் பஸ் புறக்கணிப்பை அறிவித்தார்கள். மேற்கிந்தியக் குடும்பங்கள் வேலைக்கு நடந்து போனார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆதரவாக ஊர்வலம் போனார்கள். தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் பக்கத்தில் நின்றார். நம் வீட்டுக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: லியரி கொன்ஸ்டன்டைன். மேற்கிந்திய அணியின் பெரிய ஆட்டக்காரர், அன்று திரினிடாட்டின் உயர் ஸ்தானிகர். அவரும் கம்பனியை விடவில்லை. 1943இல் லண்டன் ஹோட்டல் ஒன்று நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு அறை தர மறுத்தபோது, நீதிமன்றம் போய் வென்றவர் அவர்.

நான்கு மாதம் கழித்து, ஓகஸ்ட் 28ஆம் திகதி, கம்பனி இறங்கி வந்தது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே நாளில்தான். செப்டெம்பர் 17இல் நகரின் வெள்ளையர் அல்லாத முதல் கொண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பெயர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். போராடியவர்கள் மேற்கிந்தியர்கள், முதலில் ஏறியவர் நம் துணைக்கண்டத்துக்காரர். 1965இல் முதல் இனவுறவுச் சட்டம் வந்தது. 1968இல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. அந்தச் சட்டங்களுக்கு வழி திறந்ததில் பிரிஸ்டல் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. நாம் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, நிறத்தைக் காட்டி வெளிப்படையாக வேலை மறுக்க முடியாத நிலை ஏற்கெனவே இருந்தது. நம் பெற்றோரில் இன்று பஸ் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இது தமிழ்ப் பள்ளிக்கும் உரிய பாடம் என்கிறேன்.

பஸ் நிலையத்துக்குள் இந்தப் போராட்டத்துக்கு 2014இல் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். நடை அங்கிருந்துதான் தொடங்கும். அப்புறம் கிரேட் ஜோர்ஜ் தெருவிலுள்ள ஜோர்ஜியன் ஹவுஸ். கரும்புத் தோட்ட முதலாளி ஜோன் பின்னியின் வீடு அது. கரீபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவில் 1765இல் அவர் பெரோ என்ற 12 வயதுச் சிறுவனையும் அவனுடைய இரண்டு தங்கைகளையும் விலைக்கு வாங்கினார். பின்னர் பெரோவைத் தன் பணியாளாகப் பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்தார். 1798இல் இறக்கும் வரை பெரோவுக்கு விடுதலை கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கொம்பு வடிவில் இரண்டு பெரிய தூண்களோடு நிற்கும் நடைபாலத்துக்கு 1999இல் அவர் பெயரை வைத்தார்கள். நாம் எல்லோரும் எத்தனையோ முறை குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்த பாலம்தான்.

கடைசியாக எம் ஷெட் அருங்காட்சியகம். அடிமை வியாபாரத்தில் காசு சேர்த்த எட்வர்ட் கொல்ஸ்டனுக்கு 1895இல் நிறுத்திய சிலையை, 2020 ஜூன் 7ஆம் திகதி மக்கள் இழுத்து விழுத்தி, பெரோ பாலத்துக்குக் கிட்டத் தண்ணீரில் தள்ளினார்கள். அந்தச் சிலை இப்போது இந்த அருங்காட்சியகத்தில் படுத்தபடி கிடக்கிறது. அன்று பூசிய சாயமும் எழுதிய எழுத்தும் துடைக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. செய்தது சரியா பிழையா என்று பிள்ளைகள் விவாதிக்கட்டும். ஆனால் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து 2,000க்கும் அதிகமான அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டு விவாதிக்கட்டும்.

இன்னொன்றையும் மனம்விட்டு எழுதுகிறேன். கறுப்பின மக்களைப் பற்றி நம் வீடுகளில் சில நேரம் நடக்கும் பேச்சு நல்லதல்ல. பிள்ளையின் கூட்டாளியை நிறத்தால் அடையாளம் சொல்வது, வெயிலில் நின்றால் கறுத்துப் போவாய் என்று சொந்த மகளையே அதட்டுவது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதே பேச்சு வகுப்பில் வந்து விழுகிறது. தயவுசெய்து வீட்டிலும் கவனமாக இருங்கள்.

தமிழ்ப் பாடம் தவறாது. நடை முடிந்து அடுத்த வாரம், 1963இல் பஸ்சில் ஏறாமல் நடந்து போன ஒருவரின் ஒரு நாளைப் பிள்ளைகள் தமிழில் எழுதுவார்கள். அதற்கு முன் வீட்டுவேலை ஒன்று: இந்த நாட்டில் உங்களுக்கு முதல் வேலை எப்படிக் கிடைத்தது, யார் உதவினார்கள் என்று உங்களிடம் கேட்பார்கள். அம்மம்மா, அப்பப்பா வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்பார்கள். நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். பஸ் ஓட்டும் பெற்றோர் யாராவது அன்று பஸ் நிலையத்துக்கு வந்து பிள்ளைகளோடு கொஞ்சம் பேசினால் பெரிய உதவி.

இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் இல்லை. மழை அங்கியும், நடப்பதற்கு வசதியான சப்பாத்தும், மதியச் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். துணைக்கு வரக்கூடிய பெற்றோர் அனுமதிப் படிவத்தின் அடியில் பெயர் எழுதுங்கள். படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்