மழைக்காலப் பையில் மாத்திரைக்கு முதலிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் டார்ச் லைட், தீப்பெட்டி, பிஸ்கட், குடிநீர் என வீட்டில் எடுத்து வைக்க வேண்டியவற்றின் பட்டியலை நாளிதழ்கள் வெளியிடுகின்றன. நல்ல பணிதான். ஆனால் ‘அவசியமான மருந்துகள்’ என்று அப்பட்டியல்கள் ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தை, மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் பல தெருக்களில் நீர் வடியச் சில நாள்கள் ஆயின. மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய நாள்களில் உணவுப் பொட்டலமும் பாலும் எப்படியாவது படகில் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒருவர் வலிப்புக்கோ இதயத்துக்கோ நாள்தோறும் உட்கொள்ளும் குறிப்பிட்ட மாத்திரை அப்படி வருவதில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும் என்பதும், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் அதிகமாக ஏறக்கூடும் என்பதும் பலர் அறியாதவை.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு வாரத்துக்கான மாத்திரைகள் தனியே ஒரு பையில் இருக்க வேண்டும். அவற்றை அட்டையோடு வைக்க வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் வெட்டி வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. காலாவதித் தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிட, பெயரும் பாதி அறுந்த துண்டுதான் வீட்டுக்கு வருகிறது. நிவாரண முகாமில் இருக்கும் மருத்துவர் அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? மருந்துச் சீட்டின் நகல் ஒன்றில், நிறுவனம் வைத்த பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் வைத்தால், வேறு நிறுவனத்தின் மாத்திரையையாவது அவர் தரலாம்.

இன்சுலின் போடுவோர் மின்சாரம் போனதும் பதறிப்போய் மருந்தைப் பனிக்கட்டிக்குள் புதைத்துவிடுகிறார்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள குப்பி, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரங்கள் தாங்கும். உறையில் உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஊசியும் கூடுதலாக இருக்கட்டும். வயிற்றுப்போக்கின்போது கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பற்றியும் ஒரு சொல்: பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளர் நீரில் அல்ல.

பையை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைத்தால் முதலில் நனைவது அதுதான். பரணில் ஏற்றினால் எழுபது வயதுப் பாட்டிக்கு எட்டாது. தோள் உயர அலமாரியே பொருத்தமானது. 2015 வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த நேர்ந்தது. ஆகவே குடும்ப அட்டை, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ்களும் அதே அலமாரியில் இருப்பது நலம். மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கான 1077, உறவினர் இருவரின் எண்கள் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி அணைந்துபோனால் பெற்ற பிள்ளையின் எண்கூட இன்று பலருக்கு நினைவில் இல்லை.

இவற்றையெல்லாம் விலை கொடுத்து முன்கூட்டியே வாங்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், நீர் தேங்கும் பகுதிகளில் உள்ள பயனாளிகளுக்கு மட்டுமாவது இரண்டு வார மாத்திரைகளைக் கூடுதலாக வழங்கிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் அடுத்த வழங்கலில் கழித்துக்கொண்டால் அரசுக்குப் பெரிய செலவு வராது. சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் எனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மடிப்பாக்கம், சென்னை.