பாளையங்கோட்டையில் என் அம்மாவுக்குத் துணைநின்ற பெண்ணுக்கு நன்றி

செவ்வாய்க்கிழமை காலை, மார்க்கெட் பக்கத்து வங்கி வாசலில் வைப்புநிதி ரசீதைப் பிடித்தபடி, காதிலிருந்து போனை எடுக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தவர் என் அம்மா. மும்பை போலீஸ் என்று சொன்ன ஒருவன், அவருடைய ஆதார் எண்ணில் வழக்கு இருப்பதாகவும், சேமிப்பைச் 'சரிபார்ப்புக் கணக்கு'க்கு மாற்றாவிட்டால் கைதுதான் என்றும் மிரட்டியிருக்கிறான். பிள்ளைகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை வேறு. பாவி!

கடந்துபோனவர்களில் நீங்கள்தான் நின்றீர்கள். "ஆச்சி, போனை என்னிடம் கொடுங்கள்" என்று வாங்கி அழைப்பைத் துண்டித்தீர்கள். போலீஸோ சிபிஐயோ ரிசர்வ் வங்கியோ போனில் பணம் கேட்பதில்லை, போன் அழைப்பிலேயே ஒருவரைப் பிடித்துவைக்கும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். யாரிடமும் சொல்லாதே என்றாலே அது மோசடிதான் என்ற உங்கள் பேச்சை அம்மா இப்போது தெருவெல்லாம் சொல்லிவருகிறார். துண்டுத்தாளில், சைபர் மோசடியைப் புகார் செய்யும் உதவி எண்ணான 1930-ஐப் பெரிதாக எழுதியும் கொடுத்தீர்கள். பணம் போய்விட்டாலும் தாமதிக்காமல் அந்த எண்ணை அழைத்தால், அது வேறு கணக்குகளுக்குக் கைமாறும் முன்னே முடக்க வாய்ப்புண்டு.

பெயர்கூடச் சொல்லாமல் சமாதானபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டீர்களாம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தங்கச்சி. ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார்.